"90 சதவீதம் பேருக்கு வேலை" என்கிறார்களா? திறன் பயிற்சி, வயது வந்தோர் கல்வி பற்றிய தகவல்களை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ். 'மூன்று மாத இலவசப் பயிற்சி, முடித்ததும் வேலை உறுதி, எட்டாம் வகுப்பு போதும்.' கீழே ஒரு செல்போன் எண். போன் போட்டுக் கேட்டால், "போன பேட்ச்ல 90 சதவீதம் பேருக்கு பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு மேடம், இன்னும் நாலு சீட்தான் இருக்கு" என்று பதில் வருகிறது. மூன்று மாதக் கூலியை விட்டுவிட்டு, தினமும் பஸ் பிடித்து, பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வகுப்புக்குப் போகப்போகும் ஒரு பெண்ணுக்கு, அந்த 90 என்ற எண் ஒன்றுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

அந்த 90 எங்கிருந்து வந்தது? யார் எண்ணினார்கள்? எதை எண்ணினார்கள்?

வயது வந்தோர் கல்வி, தொழிற்பயிற்சி பற்றிய தகவல்கள் இந்தியாவில் நிறையவே இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொழிலாளர் ஆய்வு, தணிக்கை அறிக்கை, சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு, பல்கலைக்கழக ஆய்வேடு என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விஷயத்தை எண்ணுகிறது. சேர்ந்தவர்களை எண்ணிய கணக்கு செய்தியில் 'பயிற்சி பெற்றவர்கள்' ஆகிவிடுகிறது, சான்றிதழ் வாங்கியவர்களின் கணக்கு மேடையில் 'வேலை பெற்றவர்கள்' ஆகிவிடுகிறது.

*தணிக்கை அறிக்கை சொன்ன கதை*

முதலில் படிக்க வேண்டியது சிஏஜி அறிக்கை. பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியது. 2015 முதல் 2022 வரையிலான அதன் மூன்று கட்டங்களைத் தணிக்கை செய்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

அதில் இருந்த ஒரு விவரம் பலரை அதிரவைத்தது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் பதிவான பயனாளிகளில் 94.53 சதவீதம் பேரின் வங்கிக் கணக்கு விவரம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யங்களோ, 'இல்லை' என்ற குறிப்போ, வெற்றிடமோதான் இருந்தது. மீதமிருந்த சிலவற்றில் ஒரே கணக்கு எண் பல பேருக்கு. ஒரே புகைப்படம் வெவ்வேறு பயனாளிகளின் பெயரில் இருந்ததும் கண்டுபிடிக்கப்பட்டது. பயனாளிகளை மின்னஞ்சலில் தொடர்புகொண்டு கருத்துக் கேட்டபோது வந்த 171 பதில்களில் 131 பதில்கள், ஒரே முகவரியிலிருந்தோ பயிற்சி நிறுவனங்களின் முகவரிகளிலிருந்தோ வந்திருந்தன. பயிற்சி பெற்றவருக்குப் பதிலாகப் பயிற்சி கொடுத்தவரே 'நல்லா இருந்துச்சு' என்று எழுதினால் எப்படி இருக்கும்?

அமைச்சகத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். ஆதாருடன் இணைந்த கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறை வந்த பிறகு, வங்கி விவரத்தைத் தனியாகப் பதிவு செய்வது கட்டாயமாக இல்லை என்பது அதன் விளக்கம். இருந்தாலும் பயனாளி உண்மையில் இருக்கிறாரா என்று வெளியிலிருந்து ஒருவர் சரிபார்ப்பதற்கான வழி அதனால் சுருங்கிப்போனது.

வேலை விஷயத்தில் அதே அறிக்கை தரும் எண் 41. குறுகிய காலப் பயிற்சி, சிறப்புத் திட்டங்கள் ஆகியவற்றில் சான்றிதழ் பெற்ற சுமார் 56 லட்சம் பேரில் வேலை கிடைத்ததாகப் பதிவானது 41 சதவீதம் பேருக்கு. அதுவும் 'பதிவானது' மட்டுமே.

சிஏஜி இணையதளத்தில் இந்த அறிக்கைகள் முழுதாகக் கிடைக்கும். முன்னுரையில் இருக்கும் சுருக்கத்தைப் படித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். திட்டத்தை நடத்துபவர்கள் எழுதும் ஆண்டறிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் நல்ல வழி.

*நான்கு எண்கள், நான்கு அர்த்தங்கள்*

ஒரு பயிற்சி மையத்தில் 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். 80 பேர் தேர்வு எழுதி 70 பேர் சான்றிதழ் வாங்குகிறார்கள். அதில் 63 பேருக்கு ஏதோ ஒரு நிறுவனத்தின் பணி நியமனக் கடிதம் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 25 பேர் மட்டும் அந்த வேலையில் இருக்கிறார்கள்.

இப்போது அந்த மையம் '90 சதவீதம் வேலைவாய்ப்பு' என்று போர்டு வைக்கலாம். 70 பேரில் 63 பேர். கணக்கில் தப்பே இல்லை. சேர்ந்த 100 பேரைக் கணக்கில் எடுத்தால் 63 சதவீதம். ஆறு மாதம் கழித்து என்றால் 25 சதவீதம். மேலே சொன்னது கணக்குப் புரிவதற்கான ஓர் உதாரணம்தான், ஆனால் எந்த மையத்தின் விளம்பரத்தையும் இந்த நான்கு படிகளில் வைத்துப் பார்க்கலாம்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

நான்காவது எண்தான் கிடைப்பது கஷ்டம். முடித்தவர்களைத் தேடிப்பிடித்து, 'இப்போ என்ன செய்றீங்க, எவ்வளவு சம்பளம்' என்று கேட்டால்தான் அது தெரியும். ஐ.டி.ஐ முடித்தவர்களைப் பற்றி மத்திய அரசு அப்படி ஓர் ஆய்வை நடத்தி 2018இல் வெளியிட்டது. முடித்தவர்களில் 63.5 சதவீதம் பேர் சம்பள வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருப்பதாக அது சொன்னது. ஆஸ்திரேலியாவில் இந்த வேலையை ஆண்டுதோறும் செய்கிறார்கள். தொழிற்கல்வி முடித்தவர்களிடம் அடுத்த ஆண்டு கேள்வித்தாள் போகும். படிப்பு பிடித்ததா, வேலை கிடைத்ததா, படித்த துறையிலேயே கிடைத்ததா என்று கேட்பார்கள். விடைகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும்.

*எழுத்தறிவு பெற்றவர் யார்? கேட்டுத் தெரிந்துகொள்வதா, படிக்கச் சொல்லிப் பார்ப்பதா?*

திறன் பயிற்சியில் இருக்கும் இதே குழப்பம் எழுத்தறிவுக் கணக்கிலும் உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09 சதவீதம். ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. மாவட்டங்களில் கன்னியாகுமரி 91.75 சதவீதத்துடன் முதலிடம், தருமபுரி 68.54 சதவீதத்துடன் கடைசி இடம். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது இதற்கான வரையறை. படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாவிட்டால் அவர் கணக்கில் வரமாட்டார்.

ஆனால் கணக்கெடுக்க வருபவர் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 'அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?' என்று கேட்பார். பதில் சொல்வது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் வேறொருவர். "ஏதோ கையெழுத்துப் போடுவாங்க" என்ற பதில் எந்தக் கட்டத்தில் போய் விழும் என்பது கேட்பவரைப் பொறுத்தது.

தேசிய குடும்ப நல ஆய்வு வேறு மாதிரி. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிடம் பேசும்போது, ஒன்பதாம் வகுப்பு முடிக்காதவராக இருந்தால், ஒரு அட்டையில் எழுதிய வாக்கியத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வார்கள். முழுதாகவோ பாதியாகவோ படித்தால் எழுத்தறிவு உண்டு. 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் இந்தியப் பெண்களில் 71.5 சதவீதம், ஆண்களில் 84.4 சதவீதம் என்று வந்தது. இதில் படிப்பது மட்டும்தான் சோதிக்கப்படுகிறது. எழுதுவது கிடையாது. ஒன்பதாம் வகுப்பு முடித்தவர் என்றால் அட்டையே காட்டுவதில்லை, படிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்குப் போனவர்கள் எல்லோருக்கும் சரளமாகப் படிக்க வருமா என்பதை 'அசர்' போன்ற ஆய்வுகள் தொடர்ந்து கேள்வி கேட்டுவருகின்றன. 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புற இளைஞர்களில் நான்கில் ஒருவரால் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடியவில்லை என்று 2023ஆம் ஆண்டுக்கான அசர் ஆய்வு சொன்னது.

ஆக, 'தமிழ்நாட்டின் எழுத்தறிவு இத்தனை சதவீதம்' என்று ஒரு செய்தி வந்தால் கேட்க வேண்டியது மூன்று விஷயம்: எந்த ஆண்டு, எந்த வயது, கேட்டார்களா சோதித்தார்களா. வயது வரம்பு மாறினாலே எண் மாறும். 1981 வரை ஐந்து வயதிலிருந்து கணக்கிட்டார்கள், 1991இலிருந்துதான் ஏழு வயது. அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுப் பேசும் கட்டுரைகள் இன்றைக்கும் வருகின்றன.

*'முழு எழுத்தறிவு மாநிலம்' என்றால் 100 சதவீதமா?*

இல்லை. 2024இல் மத்திய கல்வி அமைச்சகம் வகுத்துக்கொடுத்த அளவுகோலின்படி 95 சதவீதம் எட்டினாலே முழு எழுத்தறிவுக்குச் சமம். அந்த அடிப்படையில்தான் 2025இல் மிசோரம், கோவா, திரிபுரா, இமாச்சலப் பிரதேசம் என்று அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன.

இதற்குப் பின்னால் இருப்பது உல்லாஸ் என்று அழைக்கப்படும் திட்டம். தமிழ்நாட்டில் இதைப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்கிறார்கள். பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேரை 2022 முதல் 2027 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் எட்டுவது நாடு முழுவதற்குமான இலக்கு. மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 200 ரூபாய். சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்பதால்தான் இந்தக் கணக்கு ஓடுகிறது.

இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம், கடைசியில் தேர்வு உண்டு. படித்தல், எழுதுதல், எண்ணறிவு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண். நூறு நாள் வேலை முடித்துவிட்டு வந்து, பேரப்பிள்ளை பக்கத்தில் நிற்க, பள்ளி பெஞ்சில் குனிந்து தேர்வு எழுதும் பாட்டிகளின் படங்கள் செய்திகளில் வருவது இதனால்தான். ஆனால் தேர்வு எழுதி ஒரு வருடம் கழித்து அந்தப் பாட்டி பஸ் போர்டைப் படிக்கிறாரா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. படித்ததைப் பயன்படுத்த வாய்ப்பு இல்லாவிட்டால் மறந்துபோகும் என்பது வயது வந்தோர் கல்வியில் எப்போதும் இருக்கும் பயம்.

*புதுக்கோட்டை சைக்கிள்களை எந்த எண்ணில் அடைப்பது?*

1990-91இல் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டமும் பிறகு மாநிலம் முழுவதும் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட சூட்டோடு, தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பரவியது. அதில் அதிகம் பேசப்பட்டது புதுக்கோட்டை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது தொடங்கிய இயக்கத்தில், எழுத்து கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், வயல் வேலைக்குப் போன பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எல்லோரும் மிதித்தார்கள்.

எழுத்தறிவு விகிதத்தில் இந்த சைக்கிளுக்கு இடமே இல்லை. ஆனால் அந்தப் பெண்களிடம் கேட்டால் முதலில் சைக்கிளைத்தான் சொல்வார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் 1996இல் வெளியான தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தியில் அது எட்டாம் வகுப்புப் பாடமாகவே வந்தது. மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி அறிவொளி இயக்கத்தைப் பற்றிப் புதுக்கோட்டை கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2013இல் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது, எதை மாற்றவில்லை என்று அது அலசுகிறது. இயக்கத்தை வெறுமனே புகழாமல், படித்தவர்கள் கிராமத்துப் பெண்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் கேள்வி கேட்பதால் அது முக்கியமான புத்தகம்.

புள்ளிவிவரம் எத்தனை பேர் என்று சொல்லும். கற்றதால் வாழ்க்கையில் என்ன ஆனது என்று தெரிய இப்படிப்பட்ட கள ஆய்வுகளைத்தான் தேடிப் போக வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கத் தரும் 'சோத்கங்கா' தளத்தில் அறிவொளி, தொடர்கல்வி, சுயஉதவிக் குழுப் பயிற்சி பற்றித் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்டவற்றைத் தேடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே தனித் துறைகள் உண்டு. ஆய்வேடுகளின் தரம் ஒன்றுபோல் இருக்காது. ஆனாலும் பின்னிணைப்பில் இருக்கும் கேள்வித்தாளும் ஊர் விவரங்களும் பல நேரம் முடிவுரையை விடப் பயனுள்ளவை.

*பட்டறையில் கற்றவர் 'பயிற்சி பெற்றவர்' ஆவாரா?*

டூவீலர் மெக்கானிக் கடையில் 14 வயதில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க ஆரம்பித்து, "அண்ணே, இந்த வண்டி கார்புரேட்டர் நான் பாக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு, 25 வயதில் சொந்தக் கடை போட்டவரிடம் ஒரு சான்றிதழும் இருக்காது. ஆனால் ஊரே அவரிடம்தான் வண்டியை விடும். இந்தியாவில் தொழில் கற்றுக்கொள்ளும் பெருவழி இதுதான்.

இதை எண்களில் காட்டுவது பி.எல்.எஃப்.எஸ் என்ற காலமுறை தொழிலாளர் ஆய்வு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்துகிறது. 2025 முதல் மாதந்தோறும் வேலையின்மை விகிதத்தை வெளியிடுவதால் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர். வேலையின்மை எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். உள்ளே தொழிற்பயிற்சி பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. 2022-23 ஆய்வின்படி 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம். குடும்பத் தொழிலாகவோ, வேலையிடத்திலோ, தானாகவோ கற்றவர்கள் 16.6 சதவீதம். கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

முறைசாரா வழியில் கற்றவருக்குச் சான்றிதழ் கொடுக்க 'முன் கற்றலுக்கான அங்கீகாரம்' என்ற முறை இருக்கிறது. தெரிந்த வேலையைச் சோதித்து, சில நாள் அறிமுக வகுப்பு நடத்தி, சான்றிதழ் தருவார்கள். கொத்தனாருக்கும் தச்சருக்கும் வெளிநாட்டு வேலைக்குப் போக இது உதவும். ஆனால் திட்டத்தின் மொத்தக் கணக்கில் இவர்களும் 'பயிற்சி பெற்றவர்கள்' என்றே சேர்க்கப்படும்போது, புதிதாகத் தொழில் கற்றவர்கள் எத்தனை பேர் என்பது மறைந்துபோகிறது. அறிக்கை படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் அட்டவணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பி.எல்.எஃப்.எஸ் மூலத் தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கலாம். கல்லூரி மாணவர்களின் புராஜெக்டுக்கு நல்ல சுரங்கம். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் சதவீதம் போடும்போது மாதிரி எண்ணிக்கை குறைந்துவிடும், அதில் கவனம் தேவை.

*சேருவதற்கு முன் எங்கே பார்க்கலாம்?*

நோட்டீஸைப் பார்த்து போன் போட்ட அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவருக்குப் பயன்படும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, தேசியத் தகுதிகள் பதிவேடு. தொழிற்கல்வியை ஒழுங்குபடுத்தும் என்.சி.வி.இ.டி அமைப்பு அங்கீகரித்த பயிற்சிகள் எல்லாம் அந்தத் தளத்தில் இருக்கும். பயிற்சியின் பெயரைப் போட்டுத் தேடினால் அதன் குறியீட்டு எண், நிலை, எத்தனை மணி நேரம், அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்று தெரியும். மையத்தில் 'இது கவர்மென்ட் சர்டிபிகேட்தான்' என்று சொன்னால், "கோர்ஸ் கோட் என்னங்க?" என்று கேட்டு வாங்கித் தேடிப் பார்க்கலாம். பதிவேட்டில் இருப்பதாலேயே வேலை கிடைத்துவிடாது, ஆனால் இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு விவரங்களுக்குக் கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் இந்தப் புத்தகம் தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கும். ஐ.டி.ஐ விவரம் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைக் குறிப்பில். 'நான் முதல்வன்' திட்டத்தையும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தையும் பற்றியது சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையில். எழுத்தறிவுத் திட்டம் பள்ளிக் கல்வித் துறையில். மூன்று துறைகள் என்பதால் மூன்று புத்தகம். வேறு வழியில்லை.

அதிலும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் வேலை கிடைக்கவில்லை' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் அவர்கள் தர முடியும். 'இந்த மாவட்டத்தில், இந்த ஆண்டில், இந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்கள், சான்றிதழ் பெற்றவர்கள், வேலை பெற்றதாகப் பதிவானவர்கள் எண்ணிக்கை மையம் வாரியாக' என்று கேட்டால் தப்பிக்க வழி குறைவு. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு அமைச்சர்கள் தந்த பதில்களும் நாடாளுமன்றத் தளத்தில் உண்டு. மாநில வாரி அட்டவணைகள் பல நேரம் அங்கேதான் முதலில் வெளிவரும்.

*வெளிநாட்டு ஆய்வுகள் எதற்கு?*

பயிற்சி பெற்ற 100 பேரில் 40 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியே இல்லாமல் இருந்திருந்தாலும் அதில் 37 பேர் எப்படியாவது ஒரு வேலைக்குப் போயிருப்பார்கள் என்றால், பயிற்சியின் பலன் 3 பேர்தான். இதைக் கண்டுபிடிக்க, விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சேர்த்து, மீதிப் பேரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உலக வங்கிப் பொருளாதார நிபுணர் டேவிட் மெக்கன்சி, வளரும் நாடுகளில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் எழுதிய கட்டுரை பலரின் உற்சாகத்தைக் குறைத்தது. பயிற்சி வாய்ப்பு தரப்பட்ட 100 பேரில், அது இல்லாவிட்டால் கிடைத்திராத வேலையைப் பெறுபவர்கள் சராசரியாக மூன்று பேருக்கும் குறைவு என்பது அதன் முடிவு.

அதற்காக எல்லாப் பயிற்சியும் வீண் என்று ஆகிவிடாது. டெல்லியில் குறைந்த வருமானக் குடியிருப்புகளில் பெண்களுக்கு ஆறு மாதத் தையல் பயிற்சி கொடுத்ததை புஷ்கர் மைத்ராவும் சுபா மணியும் இதே முறையில் ஆராய்ந்தார்கள். பயிற்சிக்குத் தேர்வான பெண்கள் வேலையில் இருப்பதும் சுயதொழில் செய்வதும் மற்றவர்களைவிட அதிகம், மாத வருமானமும் கணிசமாகக் கூடியிருந்தது. பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்றும் அவர்கள் பார்த்தார்கள். பயிற்சி மையம் தூரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கையில் காசு இல்லை. பாடத்திட்டத்தை மாற்றுவதற்கு முன் மையத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் வைத்தால் என்ன என்று யோசிக்க வைக்கும் முடிவு இது.

இந்த மாதிரி ஆய்வுகளைத் தேட நல்ல இடம் 'வோசெட்பிளஸ்'. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் தேசியத் தொழிற்கல்வி ஆய்வு மையமான என்.சி.வி.இ.ஆர் நடத்தும் தரவுத்தளம். தொழிற்கல்வி, திறன் மேம்பாடு பற்றிய உலகளாவிய ஆய்வுகளின் சுருக்கம் இலவசம், பலவற்றுக்கு முழுக் கட்டுரையும் கிடைக்கும். 1960களிலிருந்து இயங்கும் அமெரிக்கக் கல்வித் துறையின் 'எரிக்' தரவுத்தளத்தில் பழைய வயது வந்தோர் கல்வி ஆவணங்கள் ஏராளம். ஹாம்பர்க்கில் இருக்கும் யுனெஸ்கோ வாழ்நாள் கற்றல் நிறுவனம் வயது வந்தோர் கல்வி பற்றிய உலக அறிக்கையை 2009 முதல் வெளியிடுகிறது. ஐந்தாவது அறிக்கை 2022இல் வந்தது. அரசுகளே நிரப்பித் தரும் கேள்வித்தாளை வைத்து எழுதுவதால், அதைக் கொஞ்சம் உப்புப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

பெரியவர்களை நேரடியாக உட்காரவைத்து, படித்துப் புரிந்துகொள்ளும் திறனையும் கணக்கையும் சோதிக்கும் சர்வதேச ஆய்வு பியாக். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு நடத்துகிறது. 2024 டிசம்பரில் வெளியான சுற்றில் 31 நாடுகளும் பகுதிகளும் இருந்தன. பின்லாந்து முன்னணியில் இருந்தது, சிங்கப்பூரும் பங்கேற்றது. இந்தியா இதில் இல்லை. வேலை செய்யும் வயதில் இருக்கும் ஓர் இந்தியரால் மருந்துச் சீட்டையோ, கடன் பத்திரத்தையோ படித்துப் புரிந்துகொள்ள முடியுமா என்று நாடு தழுவிச் சோதித்த இப்படிப்பட்ட எண் நம்மிடம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

*அடுத்த எண் எப்போது?*

2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2025 ஜூனில் வந்த அரசிதழ் அறிவிப்பின்படி, நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஆம் தேதிதான் கணக்கெடுப்பின் மையத் தேதி. பெயர், வயது, கல்வி எல்லாம் அப்போது கேட்பார்கள். மாவட்ட வாரியான முழு எழுத்தறிவு எண் அதற்குப் பிறகுதான் கிடைக்கும். தருமபுரி இன்னும் கடைசியில் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். அதுவரை அரசு அறிக்கைகளிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம் என்று படித்தால், அது 2011ஆம் ஆண்டின் எண்.